கன்னத்தில் வைத்த கை

எங்கள் ஊருக்குக் கப்பலூர் என்று பெயர். பெயரைக் கேட்டு யாரும் கடற்கரையைக் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். மணிக்கணக்கில் பஸ்ஸில் உட்கார்ந்தால்தான் எங்களுக்குக் கடல். மதுரையிலிருந்து தெற்கே போகும்போது திருப்பரங்குன்றத்தைத் தாண்டி, திருமங்கலம் வருவதற்குச் சற்று முன்னால், பஞ்சாலையும் தொழிற்பேட்டையும் வேலிக்கருவையுமாக இருக்கும் ஊர். இந்தக் காலத்தில் அதுகூடச் சொல்ல வேண்டியதில்லை. "சுங்கச்சாவடி இருக்கிறதே, அந்தக் கப்பலூர்" என்றால் தமிழ்நாட்டு லாரிக்காரர்கள் அத்தனை பேருக்கும் தெரியும்.

கப்பல் கவிழ்ந்தாலும் கன்னத்தில் கை வைக்காதே என்பார்கள். கப்பலூரில் பிறந்த நான் நாற்பது வயது வரைக்கும் கன்னத்திலிருந்து கையை எடுத்ததே இல்லை. காரணம் ஒன்றே ஒன்று, பணம். பணம் இல்லாததுதான் காரணம் என்று நானும் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். அது அப்படியல்ல என்று எனக்குப் புரிய வைத்தது ஒரு நாற்பது பக்க நோட்டு. அந்தக் கதையைத்தான் சொல்லப் போகிறேன். பிறருக்குப் புத்தி சொல்லும் யோக்கியதை எனக்கு இல்லை. பட்டவன் பேச்சு என்ற அளவில் கேட்டுக்கொண்டால் போதும்.

என் தகப்பனார் ஓர் ஆலையில் கணக்கு எழுதினார். மாதக் கடைசியில் ஒரு பைசா இடித்தால் இரவு பதினொரு மணிவரை வீட்டுக்கு வரமாட்டார். அந்த ஒரு பைசாவைப் பிடித்துக்கொண்டுதான் சைக்கிளில் ஏறுவார். ஆனால் சொந்தக் கணக்கு என்று ஒரு காகிதத் துண்டுகூட அவரிடம் இருந்ததில்லை. கேட்டவருக்கெல்லாம் ஜாமீன் கையெழுத்துப் போட்டார். அவர் காலமான பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்தவர்களில் நாலு பேர் சாப்பிட்ட இலையை மடித்துவிட்டுப் போகவில்லை. திண்ணையில் உட்கார்ந்துகொண்டார்கள். ஒவ்வொருவர் மடியிலும் ஒரு பிராமிசரி நோட்டு இருந்தது. அம்மா உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அப்போது எனக்குக் கல்லூரியில் இரண்டாம் வருஷம். படிப்பு அதோடு நின்றது. படிப்பு நின்றதைவிட, அன்று மனசில் விழுந்த ஒரு முடிச்சுத்தான் பெரிய நஷ்டம். பணம் என்பது அவமானம். அதைப் பற்றிப் பேசக்கூடாது, எண்ணக்கூடாது, பார்க்கவே கூடாது. கண்ணை மூடிக்கொண்டால் அது போய்விடும்.

கண்ணை மூடிக்கொள்வதற்கு நான் வைத்துக்கொண்ட கௌரவமான பெயர் பக்தி. மதுரைக்காரனுக்கு இதற்குச் சாக்குத் தேட வெகுதூரம் போக வேண்டாம். மேலூர்ப் பக்கத்துத் திருவாதவூரில் பிறந்து பாண்டியனுக்கு மந்திரியாக இருந்தவர் மாணிக்கவாசகர். குதிரை வாங்கிவரச் சொல்லி ராஜா கொடுத்த கஜானாப் பணத்தைத் திருப்பெருந்துறையில் கோயிலுக்குச் செலவழித்துவிட்டார் என்பது புராணம். நண்பர்கள் யாராவது, "ஏனய்யா, கையில் வந்ததை இப்படி இறைக்கிறீர்?" என்று கேட்டால், "வாதவூரர் பண்ணாததையா நான் பண்ணிவிட்டேன்?" என்பேன். நாலு பேர் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்புக்காக இன்னொரு சுற்றுக் காபி வாங்கிக் கொடுப்பேன்.

அந்தக் கதையின் மறுபாதியை நான் சொல்வதில்லை. நரி பரியானது உண்மைதான். ஆனால் அன்று ராத்திரியே பரியெல்லாம் மறுபடி நரியாகிவிட்டது. ராஜா கணக்குக் கேட்டான். வாதவூரரை வைகை மணலில் வெயிலில் நிறுத்தினான். ஆற்றில் வெள்ளம் வந்தது. கரையடைக்க வீட்டுக்கு ஓர் ஆள் என்று உத்தரவு. ஆள் இல்லாத வந்திக் கிழவிக்காகச் சொக்கநாதரே கூடையைத் தூக்கிக்கொண்டு வந்தார். கூலியும் முன்கூட்டியே பேசிக்கொண்டார். பிட்டு உதிர்ந்தால் அவருக்கு, முழுசாக வந்தால் கிழவிக்கு. பேசியபடியே கூலியை வாங்கித் தின்றார். வேலையை ஒழுங்காகச் செய்யாததற்குப் பிரம்படியும் வாங்கினார். ஆவணி மூலத்தன்று ஆரப்பாளையம் புட்டுத்தோப்பில் வருஷா வருஷம் இது நடக்கிறது. நானும் சின்ன வயசிலிருந்து போய்ப் பிட்டு வாங்கித் தின்றிருக்கிறேன். பக்தன் கணக்கைத் தீர்க்காமல் விட்டால் பகவானே இறங்கி வந்து மண் சுமக்க வேண்டியிருக்கிறது என்பது மட்டும் என் மண்டையில் ஏறவில்லை.

2018-ஆம் வருஷம் புரட்டாசி மாசக் கடைசியில் ஒரு பதிவுத் தபால் வந்தது. நான் வீட்டில் இல்லை. என் மனைவி கையெழுத்துப் போட்டு வாங்கிப் பிரித்துவிட்டாள். அடகுக் கடையிலிருந்து வந்த ஏல நோட்டீஸ். மூன்று பவுன் இரட்டை வடச் சங்கிலி, அவளுடைய தாயார் போட்டது. அதைக் கண்ணி அறுந்திருக்கிறது, ஆசாரியிடம் பற்றவைக்கக் கொடுத்திருக்கிறேன் என்று எட்டு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒரு கண்ணியைப் பற்றவைக்க எந்த ஆசாரியும் எட்டு மாதம் எடுத்துக்கொள்ள மாட்டான் என்பது அவளுக்குத் தெரியாதா? தெரிந்துதான் கேட்காமல் இருந்திருக்கிறாள்.

வீட்டுக்குள் நுழைந்தபோது மேஜைமேல் நோட்டீஸ் இருந்தது. அதன்மேல் பறக்காமலிருக்க என் நாவல் ஒன்றை வைத்திருந்தாள். சண்டைக்குத் தயாராக நின்றேன். சண்டை வரவில்லை. சாப்பாடு போட்டாள். மோருக்குப் பிறகு, மகளுடைய பள்ளிக்கூட நோட்டுகளில் எழுதாமல் மிஞ்சியிருந்த ஒன்றைக் கொண்டுவந்து வைத்தாள்.

"நீங்க எழுதுறவருதானே? இதையும் எழுதுங்க" என்றாள்.

"எதை?"

"யார் யாருக்கு எவ்வளவுன்னு. கதை வேணாம். எனக்குத் தெரியணும். வட்டியை நான் சீட்டுப் பணத்துல கட்டி ஏலத்தை நிறுத்திட்டு வர்றேன். அதுக்குள்ள எழுதி வைங்க."

அன்றைக்கே எழுதினேன் என்று சொன்னால் பொய். இரண்டு நாளில் சரஸ்வதி பூஜை. பூஜையில் வைத்த நோட்டில் எழுதக்கூடாது அல்லவா? சாஸ்திரம் இவ்வளவு சௌகரியமாக இருக்கிறதே என்று அதையும் பூஜையில் வைத்துவிட்டேன். ஆனால் விஜயதசமி என்று ஒன்று மறுநாளே வந்து தொலைகிறது. அன்றைக்குத்தான் எல்லாரும் புதுக்கணக்கு எழுத வேண்டும் என்பதும் அதே சாஸ்திரந்தான்.

பிள்ளையார் சுழி போட்டேன். 'கையிருப்பு ரூ. 43' என்று எழுதினேன். பிறகு பேனா நகரவில்லை. இருநூறு பக்க நாவலில் கொலைகாரனுடைய மனசுக்குள் எல்லாம் போய் வந்திருக்கிறேன். பதினொரு பெயர்களை வரிசையாக எழுத எனக்கு மூன்று ராத்திரி பிடித்தது. ஒவ்வொரு பெயரும் ஒரு முகம். அந்த முகத்துக்கு எதிரே நான் சொன்ன ஒரு பொய். எழுதி முடித்துக் கூட்டினேன். ஒரு லட்சத்து எண்பத்தாறாயிரத்து நானூறு.

அங்கேதான் ஓர் ஆச்சரியம் நடந்தது. தொகையைப் பார்த்தவுடன் நெஞ்சு அடைத்துக்கொள்ளும் என்று பயந்தேன். அடைக்கவில்லை. இத்தனை வருஷமும் என் மனசில் இருந்த கடனுக்கு எண் கிடையாது. அது ஊரளவு, உலகளவு. இப்போது அதற்கு ஒரு தலையும் வாலும் வந்துவிட்டது. இருட்டில் பாம்பு என்று பயந்ததை விளக்கை ஏற்றிப் பார்த்தால் கயிறு என்பார்கள். என் விஷயத்தில் அது பாம்பேதான். ஆனால் எத்தனை முழப் பாம்பு என்று தெரிந்துவிட்டது.

கணக்குக்குப் பிள்ளையார் சுழி போடுவது நம்முடைய வழக்கம் என்று பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன். பிறகு ஒரு புத்தகத்தில் படித்தேன். இத்தாலியில் லூக்கா பாசியோலி என்று பிரான்சிஸ்கன் சபைத் துறவி ஒருவர். 1494-இல் வெனிஸில் அச்சான அவருடைய பெரிய கணித நூலில்தான் வெனிஸ் வியாபாரிகள் பற்றும் வரவுமாக இரட்டைப் பதிவு போடும் முறை முதன்முதலாக அச்சில் விரிவாக வந்தது. பேரேட்டைத் திறக்கும்போது சிலுவைக் குறியும் கடவுள் பெயரும் போட்டுத் தொடங்கு என்று அவரும் சொல்லியிருக்கிறார். நம்முடைய நகரத்தார் பெட்டியடியில் ஐந்தொகை போட்டதற்கும், ஒரு சந்நியாசி உலகத்துக்கே கணக்குச் சொல்லிக்கொடுத்ததற்கும் நடுவில் ஏதோ ஒற்றுமை இருக்கத்தான் செய்கிறது. காசின் மேல் ஆசை இல்லாதவனுக்குத்தான் அதை நேராகப் பார்க்க முடிகிறதோ என்னமோ.

தினம் ராத்திரி படுக்கப் போகுமுன் எழுதுவது என்று வைத்துக்கொண்டேன். ஒரு பக்கம் வரவு, ஒரு பக்கம் செலவு. பத்துப் பன்னிரண்டு நாள் போனதும் மூன்றாவதாக ஒரு பத்தி கோடு போட்டேன். அதற்குத் தலைப்பு 'ஏன்?' என்பது. ஜப்பானில் ஹானி மொடோகோ என்ற பத்திரிகைக்காரப் பெண்மணி 1904-இல் குடும்பங்களுக்கென்றே கணக்கு நோட்டு அச்சிட்டு வெளியிட்டார். 'ககெய்போ' என்று அதற்குப் பெயர். செலவைப் பிரித்து எழுதி மாதக் கடைசியில் யோசிப்பது அவர்கள் வழக்கமாம். என்னுடைய பிரிவுகள் அவ்வளவு நாகரிகமானவை அல்ல. தேவை, அன்பு, பயம், ரோஷம், இந்த நாலுதான்.

முதல் மாதம் மொத்தச் செலவு பதினாலாயிரத்துச் சொச்சம். அதில் ரோஷம் மாத்திரம் 3,140 ரூபாய். ஒரு பத்திரிகை என் கதையைத் திருப்பி அனுப்பிய அன்று திருமங்கலத்தில் ஆறு நண்பர்களுக்குப் பரோட்டா வாங்கிக் கொடுத்திருக்கிறேன். வசதியான சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்தில், "இன்னும் கதைதான் எழுதுறீங்களா?" என்று யாரோ கேட்டதற்கு ஆயிரத்தொரு ரூபாய் மொய். பதிப்பாளர் ஒருவரிடம் எனக்கு வரவேண்டிய பணத்தைக் கேட்கக் கூச்சப்பட்டு, கேட்காமலே திரும்பிய அன்று மகளுக்கு விலை உயர்ந்த பேனா. மகளுக்குப் பேனா என்றால் அன்பு என்றுதான் முதலில் எழுதினேன். பிறகு அடித்துவிட்டு ரோஷம் என்று எழுதினேன். நாடி பிடித்துப் பார்க்கும் வைத்தியர்கூட இவ்வளவு சரியாகச் சொல்லியிருக்க மாட்டார். என் கைதான் ஓட்டை என்று நினைத்திருந்தேன். கை நன்றாகத்தான் இருந்தது. மனசில் யாராவது குத்தினால் கை வழியாக ரத்தம் வடிந்திருக்கிறது, அவ்வளவுதான். பணம் அவமானம் என்று பதினெட்டு வயசில் போட்டுக்கொண்ட முடிச்சு அங்கே கிடந்தது.

இத்தனையும் தெரிந்ததும் ஞானம் வந்துவிட்டது என்று நினைத்தேன். வந்தது ஞானம் அல்ல, அதிகாரம். புதிதாகக் கணக்கு எழுதக் கற்றுக்கொண்டவனைப் போல் பொல்லாதவன் கிடையாது. மனைவி பூ வாங்கிவந்தால், "எவ்வளவு?" மகள் ஜெராக்ஸ் எடுத்துவந்தால், "சில்லறை எங்கே?" ஒரு நாள் மல்லிகைப் பூ இருபது ரூபாய் என்று எழுதிவிட்டு, 'ஏன்?' பத்தியில் என்ன போடட்டும் என்று அவளைக் கேட்டேன்.

அவள் தலையிலிருந்து பூவை எடுத்தாள். நோட்டின்மேல் வைத்தாள். "இதையும் வரவுல எழுதிக்கங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. பதினாறாம் நாள் அன்று அம்மா சாத்திய கதவின் சத்தம்தான் அது.

ராத்திரி முழுவதும் தூக்கமில்லை. எனக்குக் காந்தியின் நினைவு வந்தது. மதுரைக்காரர்களுக்கு அவர் விசேஷ சொந்தம். 1921 செப்டம்பர் 22-ஆம் தேதி மேலமாசி வீதி வீட்டு மாடியிலிருந்துதான் அவர் முழு உடையைத் துறந்து அரையாடையோடு வெளியே வந்தார். அதற்கு முப்பது வருஷத்துக்கு முன் லண்டனில் மாணவராக இருந்தபோது, பஸ் கட்டணம், தபால் தலை, பத்திரிகைக் காசு எல்லாவற்றையும் எழுதி, படுக்கப் போகுமுன் இருப்பைச் சரிபார்த்தவர் அவர். பிற்காலத்தில் லட்சக்கணக்கான பொதுப் பணத்தைக் கையாண்டபோதும் கடன் படாமல் காரியம் நடத்த அந்தப் பழக்கம்தான் உதவியது என்று சத்திய சோதனையில் சொல்கிறார். நான் எழுத ஆரம்பித்தபோது அவரைத்தான் மனசில் குருவாக வைத்திருந்தேன். ஆனால் அதே காந்திதான், யாரோ கொடுத்த நாலு ரூபாயை ஆசிரமத்தில் சேர்க்காமல் கஸ்தூரிபா வைத்துக்கொண்டிருந்தார் என்பதை 1929-இல் தம் பத்திரிகையிலேயே ஊரறிய எழுதினார். அவருடைய சத்தியம் அவருக்கு. அதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்த அம்மாளின் முகந்தான் கண்ணில் நிற்கிறது. கணக்கு என்பது கண்ணாடி மாதிரி. தன் முகத்தைப் பார்த்துக்கொள்ளலாம். அடுத்தவர் கண்ணில் வெயிலைத் திருப்பி அடிக்கவும் அதனால் முடியும்.

காலையில் எழுந்து அந்த இருபது ரூபாயை என் பக்கத்தில் எழுதினேன். 'ஏன்?' என்ற பத்தியில், 'என் அகங்காரம்' என்று போட்டேன். வீட்டுச் செலவுக்கு ஒரு தொகையை அவளிடம் கொடுத்துவிடுவது, அதற்குக் கணக்குக் கேட்பதில்லை என்று அன்றைக்கு முடிவாயிற்று. நோட்டு என்னுடைய வழக்கை விசாரிக்க மட்டுந்தான்.

பதினொரு பேரில் பத்துப் பேருக்கும் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்க ஆரம்பித்தேன். பதினோராவது பெயர் ஒரு டீக்கடை அண்ணாச்சி. விருதுநகர்ப் பக்கத்திலிருந்து வந்து எங்கள் தொழிற்பேட்டை ஓரத்தில் கடை வைத்தவர். ஆறு வருஷத்துக்கு முன், மகளுக்கு டைபாய்டு வந்தபோது ஐயாயிரம் ரூபாய் கொடுத்தார். கேட்காமலே கொடுத்தார். அதனாலேயே அவரைப் பார்க்கக் கூசி, ஆறு வருஷமாகக் கடை இருக்கிற வழியை விட்டுப் பின்பக்கம் முள்ளுக்காட்டு வழியாகப் போய்வந்துகொண்டிருந்தேன். கந்துவட்டிக்காரனுக்கு முன்னால் நிற்கலாம். நல்லவனுக்கு முன்னால் நிற்பதுதான் கஷ்டம்.

ஒரு சாயங்காலம் இருநூறு ரூபாயை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனேன். ஈ மொய்க்காமல் வடைக்குத் துணி போட்டுக்கொண்டிருந்தார்.

"வாங்க தம்பி. சர்க்கரை கம்மியாத்தானே?" என்றார். ஆறு வருஷம் போனது அவருக்குத் தெரிந்த மாதிரியே இல்லை.

"அண்ணாச்சி, பழைய பாக்கி. மாசம் இருநூறா கொடுத்துடுறேன்."

அவர் கல்லாவுக்குக் கீழே இருந்து நீளமான ஒரு பழைய நோட்டை எடுத்தார். எச்சில் தொட்டுப் புரட்டினார். என் பெயர் இருந்தது. ஆனால் கடன் பக்கத்தில் இல்லை. மேலே 'மகமை' என்று எழுதியிருந்த பக்கத்தில், கோயில் கொடை, பள்ளிக்கூட நன்கொடை இவற்றுக்கு நடுவில் இருந்தது.

மகமை என்றால் என்ன என்று எங்கள் பக்கத்தில் விளக்க வேண்டியதில்லை. வியாபாரத்தில் ஒரு சிறு பங்கைப் பொதுக் காரியத்துக்கு என்று முதலிலேயே எடுத்து வைத்துவிடுவது. விருதுபட்டி என்று பெயர் இருந்த காலத்தில் அந்த ஊர்க்காரர்கள் கடைக்குக் கடை மகமையும், வீட்டுக்கு வீடு பிடியரிசியும் சேர்த்து 1889-இல் க்ஷத்ரிய வித்யாசாலா பள்ளிக்கூடத்தை ஏற்படுத்தினார்கள். காமராஜர் படித்த பள்ளிக்கூடம் அது. உலை வைக்கும்போது எடுத்து வைத்த ஒரு கைப்பிடி அரிசி ஒரு முதல் மந்திரிக்கு எழுத்தறிவித்தது. அந்தப் பழக்கத்தில் வந்தவர் அண்ணாச்சி. வராத கடனை வாராக்கடன் என்று வைது எழுதாமல், தர்மத்தில் எழுதிவிட்டிருந்தார்.

"எப்ப எழுதினீங்க?" என்றேன்.

"ரெண்டு வருசம் பார்த்தேன். நீங்க அந்தப் பக்கமா நடக்குறதைப் பார்த்தேன். மனசுல வச்சுக்கிட்டா உங்க மேல கசப்பு வந்துரும்னு இங்கன மாத்திட்டேன். கசப்போட ஏவாரம் பண்ண முடியாது தம்பி."

உண்மையைச் சொல்கிறேன், எனக்கு முதலில் வந்தது கோபம். நாலு வருஷமாக இந்த மனிதருடைய நோட்டில் நான் ஒரு தர்மச் செலவாக இருந்திருக்கிறேன்! மேடையில் மாலை போட்டுக்கொண்டபோதும், எழுத்தாளர் என்று ஊரார் எழுந்து நின்றபோதும், இங்கே டீ கிளாசுக்குக் கீழே நான் பிடியரிசி வாங்கினவர்களுடைய வரிசையில் இருந்திருக்கிறேன். அந்தக் கோபத்துக்கு என்ன பெயர் என்று எனக்கு இப்போது தெரியும். மூன்றாவது பத்தி கற்றுக்கொடுத்திருந்தது. ரோஷம். அதை எழுதிக்கொள்வது போலவே மனசுக்குள் ஒரு கணம் நின்றேன். கோபம் இறங்கியது.

"மகமையில எழுதினதைத் திரும்ப வாங்குறது வழக்கமில்லையே" என்று அவர் யோசித்தார்.

"அண்ணாச்சி, எனக்காக மாத்தி எழுதுங்க. நான் கடன்காரனாவே இருந்துட்டுப் போறேன்" என்றேன். குரல் தழுதழுத்துவிட்டது.

அவர் என் முகத்தைக் கொஞ்சம் பார்த்தார். காதில் சொருகியிருந்த பேனாவை எடுத்து அந்த வரியை அடித்தார். வேறு பக்கம் திருப்பி என் பெயரை எழுதி, "இன்னைக்குத் தேதி என்ன?" என்று கேட்டு, 'வரவு 200' என்று போட்டார். இருபத்தைந்து மாதம் ஆயிற்று அந்தக் கடன் தீர. நடுவே தொற்று நோய்க் காலத்தில் அவர் கடை சாத்திக் கிடந்தபோது வீட்டுக்கே போய்க் கொடுத்தேன். கடைசித் தவணை வாங்கிய அன்று டீக்கு மட்டும் காசு வாங்க மாட்டேன் என்று விட்டார். அதை என் நோட்டில் வரவு என்று எழுதிக்கொண்டேன். 'ஏன்?' என்ற இடத்தில், அன்பு.

சித்திரா பௌர்ணமி அன்று அழகர் வைகையில் இறங்குவதைப் பார்க்க ஊரே மதுரைக்குப் போகும். எங்கள் வீட்டில் அன்றைக்குச் சித்திரகுப்தனார் நோன்பும் உண்டு. அம்மா இருந்தவரை ஏட்டையும் எழுத்தாணியையும் போலச் செய்து கோலத்தில் வைப்பாள். "அவன் ரெண்டு பக்கமும் எழுதுவான்டா, கெட்டதை மட்டும் எழுதுறவன் இல்லை" என்பாள். சின்ன வயசில் எனக்குச் சித்திரகுப்தன் என்றால் திண்ணையில் உட்கார்ந்த அந்த நாலு பேரில் ஒருவன் மாதிரிதான் தோன்றும். இப்போது அப்படித் தோன்றுவதில்லை. பாவம், ஒரு பைசா இடித்தாலும் வீட்டுக்குப் போகாமல் விளக்கடியில் உட்கார்ந்திருக்கும் என் தகப்பனார் மாதிரி இருக்கிறான்.

இப்போது ஒன்பதாவது நோட்டு ஓடுகிறது. சங்கிலி வீட்டுக்கு வந்துவிட்டது. பணக்காரனாகிவிட்டேனா என்றால், இல்லை. மழை பெய்தால் பின்கட்டு ஒழுகத்தான் செய்கிறது. பதிப்பாளரிடம் வரவேண்டியதைக் கேட்கிறேன். கொடுத்தால் வாங்கிக்கொள்கிறேன், கொடுக்காவிட்டால் மறுபடி கேட்கிறேன். இவ்வளவுதான் வித்தியாசம். போன சித்திரா பௌர்ணமிக்கு நோன்புக் கோலத்தில் எழுத்தாணிக்குப் பதிலாக என் மனைவி அந்த முதல் நாற்பது பக்க நோட்டை எடுத்து வைத்திருந்தாள். மேலே கொஞ்சம் மல்லிகைப் பூ. எத்தனை ரூபாய்க்கு வாங்கினாள் என்று நான் கேட்கவில்லை.